பம்பரைத் தூக்கி நிறுத்திய முடிக்கயிறு

(ஓசூரில் ஆடை வெட்டும் பயிற்சி வகுப்பு நடத்துபவரின் உரை. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியது. திரும்பத் திரும்ப வந்த சொற்களை நீக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஓசூர்ல இருந்து பேசறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க, எங்க வீடு பாகலூர் ரோட்டை ஒட்டி இருக்கு.

சிற்பமும் ஃபேஷனும் ஒண்ணா சேர்ற இன்ஸ்டலேஷன் பத்திப் பேசணும்னு கூப்பிட்டாங்க. நான் கலைக் கல்லூரியில படிச்சவ இல்லை. கார்மென்ட் கம்பெனியில 22 வருஷம் வேலை பார்த்தேன். ஹெல்பரா சேர்ந்து, அப்புறம் டைலர், சாம்பிள் டைலர், கடைசி 9 வருஷம் பேட்டர்ன் செக்‌ஷன். பேட்டர்ன் வெட்டறவங்களை எங்க லைன்ல மாஸ்டர்னு கூப்பிடுவாங்க. பெரும்பாலும் ஆம்பளைங்கதான். நான் அந்த டேபிளுக்குப் போனதும் பொண்ணுங்களுக்கு என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியலை. ‘மாஸ்டர் அக்கா’ன்னு ஆரம்பிச்சாங்க, அதுவே நிலைச்சுப்போச்சு.

எங்களுக்கு ஃபேஷன் என்பது ஒரு ஸ்டைல் நம்பர். இத்தனை ஆயிரம் பீஸ், இந்தத் தேதிக்கு ஷிப்மென்ட், அவ்ளோதான். சிற்பம்னா சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில்ல பார்க்கிறது. இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசிச்சதே இல்லை. ஆனா பேட்டர்ன் வேலை என்பது என்ன? அதை முதல்ல சொல்லிடறேன், மத்தது அதுல இருந்துதான் வருது.

துணி தட்டையானது. உடம்பு உருண்டையானது. தட்டையான ஒன்றை வெட்டி, மடித்து, தைத்து, உருண்டையான ஒன்றின் மேல் சுருக்கம் விழாமல் உட்கார வைக்க வேண்டும். அதற்குத்தான் டார்ட் பிடிக்கிறோம். பிளவுஸில் மார்புப் பக்கம் ஒரு முக்கோணத்தைக் கிள்ளி உள்ளே தைப்போமே, அது. அந்த ஒரு கிள்ளலில் தட்டைத் துணி குவிந்து எழுந்து நிற்கும். கணக்கு சரியா வராத டிசைனுக்கு டம்மி மேல காடாத் துணியைப் போட்டு, குண்டூசி குத்திக் குத்தி வடிவம் எடுப்போம். நாலு பக்கமும் சுத்தி வந்து பார்க்கணும். முன்னாடி அழகா இருக்கும், பின்னாடி தொங்கும். களிமண்ணில் உருவம் செய்கிறவர்களும் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் பிரஸ் ஷாப்ல வேலை. தகட்டை டையில வச்சு அமுக்கி, வண்டிப் பாகமா வடிவம் எடுக்கிற இடம். ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சு வந்தது. அவர் சொன்னார்: “தகட்டோட ஓரத்தை லூசா பிடிச்சா சுருக்கம் விழும், டைட்டா பிடிச்சா கிழிஞ்சிடும். ரெண்டுமே ரிஜெக்ட்.” எனக்குச் சிரிப்பு தாங்கலை. கை சேர்க்கும்போது தோள் குடைவில் எங்களுக்கு இருக்கிற அதே தலைவலி. ஒரே வீட்டுல இரண்டு பேரும் இருபது வருஷமா ஒரே வேலையைத்தான் பார்த்திருக்கோம், அவருக்கு எஃகு, எனக்கு பாப்ளின்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், பெங்களூர்ல ஓவியக் கல்லூரிக்குப் போயிட்டே இங்கே கட்டிங் கத்துக்க வந்தவள். அவள்தான் ஒரு நாள் போன்ல ஒரு படத்தைக் காட்டினாள். சுவர் முழுக்கக் கறுப்புக் கயிறு. சுருள் சுருளா, மலை மாதிரி, தரையெல்லாம் வழியுது. அதுக்கு நடுவுல பளபளன்னு கார் பம்பர்கள் தொங்குது. நான் சொன்னேன், “என்னம்மா இது, பழைய இரும்புக் கடையா?” அவள் சொன்னாள், “அக்கா, இது லண்டன்ல டேட் மியூசியம் வாங்கி வச்சிருக்கிற சிற்பம். செஞ்சவங்க பெங்களூர்க்காரங்க.”

அவர் பெயர் ஷீலா கௌடா. 1957இல் பத்ராவதியில் பிறந்தவர். பத்ராவதி இரும்பாலை ஊர். ஓவியம் படித்துவிட்டுப் பிறகு பொருள்களுக்கு வந்தவர்: சாணம், குங்குமம், நூல், தார் டிரம், தலைமுடி. இந்த வேலைக்கு ‘பிஹோல்ட்’ என்று பெயர், ‘பார்’ என்று சொல்லலாம். 2009 வெனிஸ் பினாலேயில் வைத்தார். ஏறக்குறைய 4,000 மீட்டர் முடிக்கயிறு, இருபது பம்பர் அளவுக்கு எஃகு.

முடிக்கயிறு நம்ம ஊருக்குப் புதுசு கிடையாது. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வரைக்கும் நிக்கிற லாரிங்களைப் பாருங்க. பம்பர்ல, கண்ணாடிப் பக்கத்துல கறுப்பா ஒரு கயிறு கட்டியிருக்கும். கண்ணு படக்கூடாது, விபத்து வரக்கூடாதுன்னு. புது வண்டிக்கும் கட்டுவாங்க. இங்க 1980லயே டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்டு லாரியும் வெளிய வர ஆரம்பிச்சாச்சு. அப்போ இருந்தே வண்டி பார்த்த ஊரு. அத்தனை இன்ஜினியருங்க கணக்குப் போட்டுச் செஞ்ச பம்பரை, யாரோ ஒருத்தரோட முடி காப்பாத்தும்னு டிரைவர் நம்பறார். ஷீலா கௌடா பெங்களூர் ரோட்டில் பார்த்தது இதைத்தான். அதை எடுத்து அளவை மட்டும் மாற்றினார். வண்டியில் ஒரு முழம் கயிறு பம்பரைச் சுற்றி இருக்கும். இங்கே ஆயிரக்கணக்கான மீட்டர் கயிறு பம்பரைச் சுமந்து தூக்கி நிறுத்தியிருக்கிறது.

இதில் ஃபேஷன் எங்கே என்று கேட்பீர்கள். அந்த முடி எங்கிருந்து வருதுன்னு யோசிங்க. திருப்பதியிலயும் பழனியிலயும் மொட்டை போடறோம். காணிக்கை முடி ஏலத்துக்குப் போகுது. நீளமானதைப் பிரிச்சு, சீவி, வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசையில வச்சுக் கட்டி, விக் செய்யவும் சவுரி செய்யவும் வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. அழகுச் சந்தையில் நம்ம ஊர் முடிக்கு நல்ல விலை. 2004இல் நியூயார்க்கில் யூதப் பெண்கள் சிலர் தங்கள் விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். திருமணமான பெண் தலையை மறைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம், அதற்குத்தான் விக். அதிலிருப்பது இந்துக் கோயிலில் வேண்டிக்கொண்டு கொடுத்த முடி என்று தெரிந்ததும், இன்னொரு மதத்துப் பூசையில் வந்த பொருளை அணியக் கூடாது என்று அவர்களுடைய குருமார்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு முடி எத்தனை பேருக்கு எத்தனை அர்த்தமா போகுது பாருங்க! நமக்குக் காணிக்கை, ஏலத்துல எடையில விலை, அங்க ஃபேஷன், அப்புறம் தீட்டு.

விக்குக்கு ஆகாத குட்டை முடி மிச்சம் விழும். அந்த மிச்சம்தான் கயிறாகுது. எனக்கு உடனே எங்க கட்டிங் டேபிள் ஞாபகம் வந்தது. சட்டைக்கு ஆகாத துண்டு மூட்டையில போகும். பனியன் வேஸ்ட்னு கிலோ கணக்குல வாங்கி, எங்க வீட்டுக்காரர் ஷாப்புல மெஷின் எண்ணெய் துடைப்பாங்க. அழகுத் தொழிலில் மிச்சமானது இரும்புத் தொழிலுக்கு வருவது இந்த ஊரில் தினமும் நடக்கிற விஷயம். அதை யாரும் சிற்பம்னு சொன்னதில்லை, அவ்ளோதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998இல் அவர் செய்த வேறொரு வேலையில், ஊசிகளில் மிக நீளமான நூலைக் கோத்து, அத்தனை நூலையும் குங்குமமும் பசையும் போட்டு ஒட்டி, சிவப்புக் கயிறாகத் திரித்தார். கயிற்றின் நுனியில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். நூறு மீட்டருக்கு மேல் நூலை ஊசிக் கண் வழியாக இழுத்தெடுக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று தையல்காரிக்குத்தான் தெரியும். தோள்பட்டை வலி என்ன என்றும் தெரியும். அதன் தலைப்பிலேயே ‘என் வலியை அவனிடம் சொல்’ என்கிற பொருள் இருக்கிறது. படத்தைப் பார்த்தப்போ நான் ரொம்ப நேரம் பேசலை.

முடிக்கயிறு பம்பரைத் தூக்குதுன்னு சொன்னேன். இதை அப்படியே திருப்பிப் போட்டவர் ஒருவர் இருக்கிறார், ரஞ்சனி ஷெட்டர். அவர் பெங்களூரில் பிறந்தவர், 1977இல். ‘ஏழு குளங்களும் சில மழைத்துளிகளும்’ என்கிற அவருடைய வேலையை 2018இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் வைத்தார்கள். உள்ளே எஃகுக் கம்பி வளைவுகள், மேலே மஸ்லின் துணி, அந்தத் துணிக்குப் புளியில் நிறம். எல்லாம் அந்தரத்தில் தொங்கும், நிழல் சுவரில் விழும். கிருஷ்ணகிரிக்காரங்களுக்குப் புளி பத்திப் பாடம் எடுக்க வேண்டாம். சீசன்ல வீட்டு வாசல் பூரா புளி உடைப்பாங்க. கொட்டை தனியா விலைக்குப் போகும். கம்பளி நெய்யறவங்க அந்தக் கொட்டையை அரைச்சுக் காய்ச்சிப் பாவுக்குக் கஞ்சி போடுவாங்க, மில்லுலயும் பயன்படுத்துவாங்க. துணிக்கும் புளிக்கும் பழைய உறவு.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் குடைதான் தோணுச்சு, தப்பா நினைக்காதீங்க. கம்பி சொல்ற இடத்துக்குத் துணி போகணும். ஆனா துணியும் சும்மா போகாது. கிராஸ்ல வெட்டினா இழுத்த பக்கம் வரும், நேர் இழையில வெட்டினா முரண்டு பிடிக்கும். சிற்பி அதைக் கேட்டுத்தான் கம்பியை வளைக்கணும். இந்த இழுபறி தெரியற வேலை எனக்குப் பிடிக்கும். மால்ல பொம்மையைத் தலைகீழாத் தொங்கவிட்டு, சுத்திக் காகிதப் பட்டாம்பூச்சி ஒட்டி, ‘ஃபேஷன் இன்ஸ்டலேஷன்’னு போர்டு வைக்கிறாங்களே, அது ஷோரூம் அலங்காரம். அதுவும் ஒரு தொழில்தான், குறை சொல்லலை. அங்கே துணிக்கு எடை இருக்கு, உடம்புக்கு அளவு இருக்குன்னு யாரும் யோசிச்ச மாதிரி தெரியாது.

ஃபேஷன் பக்கத்தில் இருந்து சிற்பத்துக்கு வந்தவர் என்றால், ஜப்பானைச் சேர்ந்த ரெய் கவாகுபோ. 1997 கோடைக்கால ஆடைகளில் இறகு அடைத்த மெத்தைகளை உள்ளே வைத்துத் தைத்தார். இடுப்பில் ஒரு புடைப்பு, முதுகில் ஒரு கூன், தோளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. என் வேலையே உடம்புல இருக்கிற மேடு பள்ளத்தைச் சத்தமில்லாம சமாளிக்கிறது. அவர் இல்லாத மேட்டை ஏத்தி வச்சார். பார்க்க அருவருப்பா இருக்குன்னு அப்போ பலர் சொன்னாங்களாம். எனக்கு முதல்ல அப்படித்தான் இருந்தது. அப்புறம் நினைச்சேன், எட்டு மணி நேரம் மெஷின்ல குனிஞ்சு உட்கார்ந்த எங்க பொண்ணுங்க முதுகும் பத்து வருஷத்துல ஏறக்குறைய அந்த வடிவத்துக்குத்தான் வருது. கம்பெனி சைஸ் சார்ட்ல அந்த முதுகுக்கு அளவே கிடையாது.

சரி, எனக்கு நடந்ததைச் சொல்றேன். இதைச் சொல்லத்தான் வர ஒத்துக்கிட்டேன்.

நான் கம்பெனியை விட்டு வகுப்பு ஆரம்பிச்ச பிறகு, பெங்களூர்ல ஒரு பெரிய இடத்துல இருந்து ஒரு வேலை வந்தது. பேர் வேண்டாம். பதினஞ்சு அடி உயரத்துல ஒரு பாவாடை, உள்ளே ஆள் நுழைஞ்சு நிக்கலாம், முழுக்க முழுக்க ரிஜெக்ட் ஆன சட்டைக் காலர்ல செய்யணும். டிசைனர் வரைஞ்சு கொடுத்த படம் ரொம்ப அழகு. எங்க வகுப்புல 14 பேர் சேர்ந்தோம். எல்லாம் மத்திகிரி, தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கத்துப் பொண்ணுங்க.

படத்துல பாவாடை பூ மாதிரி விரிஞ்சு நின்னுச்சு. தைச்சுத் தொங்கவிட்டா தன் எடையிலேயே கீழ இழுத்து, மேல இடுப்புப் பட்டை கிழிய ஆரம்பிச்சது. காலருக்குள்ள பேஸ்டிங் ஒட்டியிருப்பாங்க, கனம் ஜாஸ்தி. டிசைனர்கிட்ட சொன்னேன். “மேனேஜ் பண்ணுங்க”ன்னு பதில் வந்தது. நாலு நாள் உட்கார்ந்து யோசிச்சோம். ஒவ்வொரு தையல்லயும் உள்ள நாடா வச்சு அடிச்சோம், எடை துணியில ஏறாம நாடாவுல இறங்கற மாதிரி. வீட்டுக்காரர் மூணு அளவுல இரும்பு வளையம் வெல்டிங் பண்ணிக் கொடுத்தார், மேல சின்னது, நடுவுல, கீழ பெரிசு. சூளகிரிப் பொண்ணு ஒருத்தி, காலரை நேரா அடுக்காம செங்கல் கட்டடம் மாதிரி மாத்தி மாத்தி அடுக்கினா கிழிசல் ஓடாதுன்னு சொன்னா. அவங்க அப்பா கொத்தனார். அது நின்னுச்சு. உண்மையிலேயே பூ மாதிரி நின்னுச்சு.

திறப்பு முடிஞ்ச ஞாயித்துக்கிழமை நாங்க நாலஞ்சு பேர் பஸ் பிடிச்சுப் பார்க்கப் போனோம். மத்திகிரிப் பொண்ணு தன் அம்மாவையும் ரெண்டாவது படிக்கிற மகனையும் கூட்டிட்டு வந்திருந்தா. பக்கத்துல ஒரு பலகை. டிசைனர் பேர், ஸ்பான்சர் பேர், கீழ ‘உள்ளூர்க் கைவினைஞர்களின் உதவியுடன்’னு இங்கிலீஷ்ல ஒரு வரி. பையன் இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டிருக்கான். பலகையை விரல் வச்சுப் படிச்சுட்டு, “அம்மா, உன் பேரு எங்க?”ன்னு கேட்டான். அவ என்னைப் பார்த்தா. நான் டிசைனரைத் தேடற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிட்டேன். எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லை. சம்பளம் பேசும்போது நான் காசைப் பேசினேன், பேரைப் பேசலை.

அதுக்கப்புறம் இதே கேள்வியோட நிறைய படிச்சேன். 2023 மார்ச் 30ஆம் தேதி மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னாடி டியோர் கம்பெனி பெரிய ஷோ நடத்தினாங்க. பின்னாடி பிரம்மாண்டமான தோரணம், மொத்தமும் கை எம்பிராய்டரி, மும்பை சாணக்யா பள்ளியில செஞ்சது. அதுக்கு முந்தின வருஷம் ஜனவரியில் பாரிஸ் ரோதான் மியூசியத்தில் நடந்த டியோர் ஷோவுக்கு மாதவி பாரேக், மனு பாரேக் ஓவியங்களை இதே பட்டறைதான் சுவர் அளவுக்கு எம்பிராய்டரி செய்தது. ரோதான் சிற்பி, அவர் பெயரில் இருக்கிற இடத்துக்குள்ளே துணிச் சுவர். இதில் ஒரு மாற்றம் தெரிகிறது: பட்டறையின் பெயரை உலகம் சொல்கிறது. முன்பெல்லாம் ஐரோப்பிய ஆடைகளில் நம்மவர்கள் வேலை இருந்தும் அதைக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஊசி பிடிச்ச ஆளுக்கு வந்தா இத்தனை நூறு கைகள், இத்தனை ஆயிரம் மணி நேரம்னு எண்ணாத்தான் வருது. சினிமாவுல லைட் பிடிச்சவர் பேர்கூட ஓடுது. நாம எழுந்து போயிடறோம், அது வேற.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துல நடுகல் வச்சிருக்காங்க. நம்ம மாவட்டம் முழுக்க வயல் ஓரத்துலயும் ஏரிக்கரையிலயும் கிடைக்கிற கல்லுங்கதான். வகுப்புப் பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போனேன், துணி பார்க்க. சிரிக்காதீங்க, நான் அங்க துணிதான் பார்ப்பேன். வீரன் இடுப்புல கச்சையை எப்படி இறுக்கியிருக்கான், முடிச்சுல இருந்து தொங்கல் எந்தப் பக்கம் விழுது, கொண்டை உச்சியிலயா பக்கவாட்டுலயா, காதுல என்ன, கையில என்ன. அந்தக் காலத்து ஃபேஷன் நமக்குத் தெரியறது சிற்பி கல்லுல தைச்சு வச்சதாலதான். எழுத்து இருக்கிற கல்லுல செத்தவன் பேர் இருக்கு, எந்த ராஜா காலம்னு இருக்கு, யாரோட மாட்டை மீட்கப் போனான்னு இருக்கு. செதுக்கினவன் பேரை நாங்க தேடினோம். பார்த்த எந்தக் கல்லுலயும் இல்லை. அந்த மத்திகிரிப் பொண்ணும் வந்திருந்தா. “அக்கா, இவனும் நம்ம ஆளுதான்”னு சொன்னா.

அடுத்த வருஷம் அதே இடத்துல இருந்து மறுபடி கூப்பிட்டாங்க. இந்தத் தடவை சீட் பெல்ட் நாடாவுல ஒரு பெரிய மேலங்கி. நான் காசு பேசறதுக்கு முன்னாடி பேரைப் பேசினேன். பலகையில 14 பேர் பேரும் வரணும்னு. “லேஅவுட்ல இடம் இல்லை, பார்க்கறோம்”னாங்க. வேலையை வேண்டாம்னு சொல்லிடலாமான்னு ராத்திரி பூரா பேசினோம். ரெண்டு பேர் வீட்டுக் கடனுக்கு அந்தக் காசை நம்பி இருந்தாங்க. எடுத்துக்கிட்டோம்.

மேலங்கியோட கீழ் ஓரம் ஒரு ஜாண் அகலத்துக்கு உள்ள மடிச்சுத் தைக்கணும். மடிக்கிறதுக்கு முன்னாடி, உள்பக்கம் சங்கிலித் தையல்ல ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பேரைப் போட்டாங்க. சிலர் தமிழ், ரெண்டு பேர் கன்னடம், ஒருத்தி தெலுங்கு. அப்பாவோட இனிஷியலா புருஷன் இனிஷியலான்னு ஒரு சண்டை நடந்தது. கடைசியில இனிஷியலே வேண்டாம்னு விட்டாங்க. வீட்டுக்காரரும் வளையம் அடிச்சவன்கிற முறையில தன் பேரைப் போடச் சொன்னார். அவருக்குத் தையல் வராது, நான் போட்டேன்.

பலகையில பேர் வந்ததான்னு கேட்டா, வந்தது. 14 பேரும் இல்லை, 11 பேர். மூணு பேர் விட்டுப்போச்சு, அதுல நானும் ஒருத்தி. போன் பண்ணினேன், “அடுத்த பிரிண்ட்ல சரி பண்றோம்”னாங்க. கண்காட்சி முடியற வரைக்கும் அடுத்த பிரிண்ட் வரலை. பையனை அவங்க அம்மா மறுபடி கூட்டிட்டுப் போயிருக்கா. அவன் பலகையைப் படிச்சுட்டு, மேலங்கிக்குக் கீழ படுத்து உள்பக்கம் எட்டிப் பார்த்திருக்கான். செக்யூரிட்டி விரட்டியிருக்கார்.